பசை வாங்குறதுக்கு முன்னாடி சுவரைக் கேளுங்க

நெல்லு, மாடு, ஏரித் தண்ணி, வரப்புச் சண்டைன்னு எழுதிக்கிட்டிருந்தவன் இன்னைக்கு டைல்ஸ் ஒட்டுற பசையைப் பத்தி எழுதப் போறேன். இவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு நினைக்காதீங்க. நான் எழுதுறதைப் படிக்கிறவங்கள்ல நாத்து நடுறவங்க ரொம்பக் கம்மி. பாத்ரூம் சுவர்ல டைல்ஸ் இல்லாத வீட்டுல இருக்குறவங்க அதைவிடக் கம்மி. அதனால இந்த ஒரு தடவை உங்களுக்கு நேரா உதவுற விஷயம்.

என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது விம்கோ நகர்ல. எங்க ஊர் பொன்னேரிப் பக்கம். கும்மிடிப்பூண்டி லைன்ல போற மின்சார ரயில்ல ஏறினா மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், கத்திவாக்கம், அடுத்தது விம்கோ நகர். மெட்ரோ 2021ல அங்கே வரைக்கும் வந்ததுக்கு அப்புறம்தான் பட்டணத்துல பாதிப் பேருக்கு அந்தப் பேரே தெரியும். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனின்னு ஸ்வீடன்காரங்க தொடங்கின தீப்பெட்டிக் கம்பெனி. அதோட சுருக்கம்தான் விம்கோ. அந்தப் பேரே ஊருக்கும் ஆயிடுச்சு. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவுல ரயில் பாதை. காத்துலயும் உப்பு, மண்ணுலயும் உப்பு. தங்கச்சி வீடு ரயில் பாதைக்கு மேற்கே, கால்வாய்ப் பக்கம்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, ஞாபகம் இருக்கும். அந்த மழையில கால்வாய்த் தண்ணி வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல நின்னுது. வெறும் தண்ணின்னா பரவாயில்லை. அந்த வெள்ளத்துல எண்ணெயும் கலந்து வந்துச்சு. எண்ணூர்க் கழிமுகம் வரைக்கும் போயி மீனவங்க வலையெல்லாம் கறுப்பானது பேப்பர்ல வந்த சேதி. திருவொற்றியூர்ல கால்வாயோரத்து வீடுகளுக்குள்ளயும் அது பூந்ததை நான் கண்ணால பார்த்தேன். தண்ணி வடிஞ்சதும் சுவர்ல நாலு பக்கமும் கறுப்பாக் கோடு போட்ட மாதிரி நின்னுது.

அரசாங்கம் கொடுத்த 6000 ரூபாயோட கையில இருந்ததையும் போட்டு, தை மாசத்துலயே அவசர அவசரமா வீட்டைச் சரி பண்ணாங்க. பாத்ரூம் சுவரை மேலாகத் தேய்ச்சுக் கழுவிட்டு, கான்ட்ராக்ட் எடுத்த ஒரு ஆள் டைல்ஸ் ஒட்டிட்டுப் போனான். பளபளன்னு இருந்துச்சு. ஒண்ணரை வருஷம் ஓடிச்சு. போன ஆனி மாசம் ஒரு நாள் காலையில, மாப்பிள்ளை குளிச்சிட்டு வெளியே வந்து துண்டை உதறுறாரு, உள்ளே சடசடன்னு சத்தம். மேல் வரிசையில ரெண்டு டைல்ஸ், கீழ் வரிசையில மூணு. ரெண்டடிக்கு ஓரடி டைல்ஸ் ஒண்ணு மூணரைக் கிலோ இருக்கும். உடைஞ்ச விளிம்பு கத்தி மாதிரி. ரெண்டு நிமிஷம் முன்னாடி விழுந்திருந்தா மாப்பிள்ளை தலை.

அந்த நேரத்துல தங்கச்சி மக ஏழாம் மாசம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிஞ்சு தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு அந்த பாத்ரூமுக்குள்ள போகணும். அப்புறம் பச்சைப் பிள்ளையையும் அங்கேதான் குளிப்பாட்டணும். தங்கச்சி எனக்குப் போன் பண்ணி அழுதா. நான் தாய்மாமன். வளைகாப்புக்குச் சீர் செய்யணும்னு மணிலாக்கொட்டை வித்த பணத்துல நாற்பதாயிரம் எடுத்து வச்சிருந்தேன். "வளையலும் புடவையும் கொஞ்சமாப் போதும்மா, மிச்சப் பணத்துல அந்தச் சுவரைச் சரி பண்ணிடுவோம்"னு சொல்லிட்டு ரயிலேறினேன்.

போனா அங்கே மூணு பேர் மூணு விதமாச் சொல்றாங்க.

மாப்பிள்ளை டைல்ஸை ஏற்கெனவே வாங்கி அடுக்கிட்டாரு. "கடையில நல்ல பசை இருக்காம் மச்சான். அதை வாங்கி ஒட்டிட்டா ஜென்மத்துக்கும் விழாதாம். எந்தக் கம்பெனின்னு மட்டும் முடிவு பண்ணணும்"னாரு. கடைக்காரர் இருக்குறதுலயே விலை கூடுன மூட்டையைக் காட்டினாரு. இந்த முறை பக்கத்துத் தெருவுலேர்ந்து பிடிச்ச கொத்தனார் அறுபது வயசுக்காரர். அவர் பசைங்குற பேச்சையே காதுல வாங்கலை. "இன்னாங்க பசை கிசைன்னுக்கிட்டு. முப்பத்தஞ்சு வருசமா சிமெண்ட் பால்தான். நான் ஒட்டினது ஒண்ணு விழுந்துச்சுன்னு எவனாவது சொல்லட்டும்"னாரு.

நான் விழுந்த டைல்ஸைத் திருப்பிப் பார்த்தேன். செடி வாடினா பிடுங்கி வேரைப் பார்ப்போம். அந்தப் பழக்கம்தான்.

நீங்களும் டைல்ஸ் விழுந்தா உடனே குப்பையில போடாதீங்க, முதுகைப் பாருங்க. மேல் வரிசையில விழுந்த ரெண்டோட முதுகு சுத்தமா இருந்துச்சு. சிமெண்ட் முழுக்கச் சுவர்லயே நிக்குது. டைல்ஸோட முதுகுல இருக்குற கோடு கோடான அச்சு அப்படியே சிமெண்ட்ல பதிஞ்சிருக்கு, ஆனா ஒட்டலை. கீழ் வரிசையில விழுந்த மூணு வேற கதை. அதோட முதுகுல சிமெண்ட்டும் இருக்கு, சிமெண்ட்டோட சேர்ந்து சுவர்ப் பூச்சும் அரை அங்குலத்துக்குப் பேந்து வந்திருக்கு. கையில எடுத்து நுணுக்கினா மாவா உதிருது. மோந்து பார்த்தா மண்ணெண்ணெய் வாடை மாதிரி லேசா.

ஒரே சுவர், ஒரே நாள்ல ஒட்டினது, ஒரே நாள்ல விழுந்தது. ஆனா வியாதி ரெண்டு. மேல டைல்ஸுக்கும் சிமெண்ட்டுக்கும் ஒத்துப்போகலை. கீழே சுவரே கெட்டுப் போயிருக்கு. மேல உள்ளதுக்குப் பசை மருந்து. கீழ உள்ளதுக்கு உலகத்துல எந்தப் பசையும் மருந்து இல்லை.

முதல்ல மேல் வரிசை விஷயம். இதுல அந்தக் கொத்தனார் சொன்னதும் பொய் இல்லை. எங்க ஊர்ல சைட் சூப்பர்வைசரா வேலை பார்க்குற ஒரு பையன் எனக்கு இதை விளக்கினான். முன்னாடியெல்லாம் சுவருக்கு வந்தது செராமிக் டைல்ஸ். சுட்ட மண்ணு, மேல மட்டும் கண்ணாடி மாதிரிப் பூச்சு. முதுகுப் பக்கம் தண்ணியைக் குடிக்கும். அதோட எடையில நூத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல தண்ணி குடிக்கிற ஜாதி அது. அதனாலதான் கொத்தனாருங்க டைல்ஸைத் தொட்டியில ஊறப்போட்டு ஒட்டுவாங்க. சிமெண்ட் பால் அந்தச் சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள பூந்து, உள்ளே இறுகி, வேர் விட்ட மாதிரிப் பிடிச்சுக்கும். முப்பத்தஞ்சு வருஷம் விழலைன்னா அதுதான் காரணம்.

இப்போ வர்றது விட்ரிஃபைட். ரொம்பச் சூட்டுல அழுத்திச் சுட்டது. அது தண்ணி குடிக்கிறது நூத்துக்கு அரைப் பங்கு கூடக் கிடையாது. சிமெண்ட் பாலுக்குப் பூந்துக்க இடமில்லை. மெட்ரோ தூண்ல சினிமா போஸ்டர் ஒட்டுறாங்களே, மைதாப் பசை, அது தூண்ல ஒட்டும். அதே போஸ்டரைக் கண்ணாடிக் கதவுல ஒட்டிட்டுக் காய விடுங்க, ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்தா முழுசா வரும். அதே கதைதான் இது. சில விட்ரிஃபைட் டைல்ஸோட முதுகுல வெள்ளையா மாவு மாதிரி வேற இருக்கும். சூளையில ஒட்டிக்கக் கூடாதுன்னு கம்பெனியில தடவுறது. அதைத் துடைக்காம ஒட்டினா பசை மாவைத்தான் பிடிக்கும், டைல்ஸைப் பிடிக்காது.

எங்களுக்கு இது புதுசில்லை. பழைய நெல்லுக்குச் செய்த வேலையையே ஒட்டு ரகத்துக்கும் செஞ்சா விளையாது. விதை மாறினா நாத்து வயசு, இடைவெளி, உரம் எல்லாம் மாறணும். கொத்தனார் கை அதே கைதான், டைல்ஸ் ஜாதி மாறிடுச்சு. நான் இதை அவர்கிட்ட வாதாடலை. ஒரு செராமிக் துண்டையும் விட்ரிஃபைட் துண்டையும் கவுத்து வச்சு, ரெண்டு முதுகுலயும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணி விட்டேன். செராமிக்ல விட்டது கொஞ்ச நேரத்துல உள்ளே போயிடுச்சு. மத்தது அப்படியே முத்து மாதிரி நின்னுது. அவர் ரெண்டையும் பார்த்தாரு, பீடியைக் கீழே போட்டாரு. "சரி, மூட்டையை வாங்கியா. எப்படிக் கலக்கணும்னு போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்லு"ன்னாரு. அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை வந்தது அப்பதான்.

சரி, கடையில பசைன்னு கேட்டா மூணு விதமாக் கொடுப்பாங்க.

ஒண்ணு, 20 கிலோ மூட்டையில வர்ற பவுடர். இதுவும் சிமெண்ட்தான். சிமெண்ட், சலிச்ச மணல், கூட ஒட்டுறதுக்கான பாலிமர் பவுடர். இன்னொரு பொருளும் கொஞ்சம் இருக்கும், அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். நாங்க தென்னைக்கு அடியில மட்டையும் மஞ்சியும் போட்டு மூடாக்குப் போடுறோமே, அந்த வேலை. சுவர் தண்ணியை உறிஞ்சி, சிமெண்ட் இறுகறதுக்கு முன்னாடியே காஞ்சு போகாம அது காப்பாத்தும். அதனால இதுக்கு டைல்ஸை ஊறப்போடக் கூடாது. நம்ம வீட்டு பாத்ரூம், சமையல்கட்டு எல்லாத்துக்கும் இதுதான்.

ரெண்டாவது, வாளியில வர்ற தயார்ப் பசை. திறந்து அப்படியே தடவலாம், சுலபம். ஆனா இது தண்ணி காஞ்சாத்தான் இறுகும். அதனால தண்ணி குடிக்கிற செராமிக், காஞ்ச உள்சுவர், தண்ணி படாத இடம் இதுக்குத்தான் சரி. எப்பவும் ஈரமா இருக்குற பாத்ரூமுக்கு வாங்காதீங்க.

மூணாவது, ரெண்டு டப்பாவுல வர்ற எப்பாக்ஸி. அரால்டைட் மாதிரி ரெண்டையும் கலந்தா இறுகும். இரும்பு, கண்ணாடி, நீச்சல் குளம் மாதிரி இடத்துக்கு. விலை பல மடங்கு. சாதாரண வீட்டுச் சுவருக்கு இதைத் தலையில கட்டினா வேண்டாம்னு சொல்லுங்க.

மூட்டைப் பசையில எந்தக் கம்பெனின்னு எல்லாரும் கேக்குறாங்க. உரக்கடையில எங்காளுங்களும் அப்படித்தான், மண்ணுக்கு என்ன குறைன்னு பார்க்காம எந்தக் கம்பெனி யூரியான்னு கேப்பாங்க. கம்பெனியைவிட மூட்டை மேல இருக்குற நம்பர் முக்கியம். இந்திய தர நிர்ணயத்துல இதுக்குன்னு ஐஎஸ் 15477ன்னு ஒரு தரம் இருக்கு. அதுல டைப் 1லேர்ந்து டைப் 5 வரைக்கும் பிரிச்சிருக்காங்க. டைப் 1 சாதாரண செராமிக்குக்கு. விட்ரிஃபைட்டை வீட்டு உள்சுவர்ல ஒட்டணும்னா டைப் 2க்குக் குறையக் கூடாது. நாலடிக்கு ரெண்டடி மாதிரிப் பெரிய டைல்ஸ், கிரானைட், வெயில் படுற வெளிச்சுவர் எல்லாத்துக்கும் டைப் 3, அதுக்கு மேல. நாலுக்கு ரெண்டு டைல்ஸ் ஒண்ணே 12 கிலோவுக்கு மேல இருக்கும், ஞாபகம் வச்சுக்குங்க. நம்பரோட டின்னு ஒரு எழுத்து இருந்தா, செங்குத்துச் சுவர்ல டைல்ஸ் கீழே வழுக்கி இறங்காதுன்னு அர்த்தம். சுவருக்கு அந்த எழுத்து இருக்கணும். மூட்டைக்குப் பின்னாடி எந்த டைல்ஸ், எந்தச் சுவர்னு பட்டியலே போட்டிருப்பாங்க. யாரும் படிக்கிறதில்லை, அவ்வளவுதான்.

தயாரிச்ச தேதியும் பாருங்க. விம்கோ நகர் மாதிரி கடலோரத்துல கடை வாசல்லயே மூட்டையை அடுக்கி வச்சிருப்பாங்க. உப்புக் காத்துல உள்ளே கட்டி தட்டிப் போகும். மேல கையை வச்சு அழுத்தினாலே தெரியும். எங்களுக்குக் கடைக்காரர் முதல்ல எடுத்துப் போட்டதுல ஒரு மூட்டை மூலையில கல்லு மாதிரி இருந்துச்சு. மாத்தித் தரச் சொன்னோம், மாத்திக் கொடுத்தாரு.

பசை முடிவாயிடுச்சு. இனி சுவர். சண்டை வந்தது இங்கேதான்.

சுவர் எப்படி இருக்குன்னு பார்க்க நாலு சோதனை பண்ணோம். நாலுக்கும் காசு செலவில்லை. முதல்ல முட்டியால தட்டிக்கிட்டே வர்றது. டொக்குடொக்குன்னு பொள்ளல் சத்தம் வந்தா உள்ளே பூச்சு விட்டுப் போச்சு. ரெண்டாவது, சாவியால கீறிப் பார்க்குறது. கோடு விழுந்தா சரி, மணல் கொட்டினா சரியில்லை. மூணாவது, தண்ணியைத் தெளிக்கிறது. நல்ல பூச்சு தண்ணியை உறிஞ்சிக்கும். பெயின்ட் இருந்தாலோ எண்ணெய் இறங்கியிருந்தாலோ தண்ணி முத்து முத்தா நின்னு வழிஞ்சிடும். நாலாவது, ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டி, ராத்திரி பூரா விடுறது. காலையில உள்பக்கம் வேர்த்திருந்தா சுவருக்குள்ளே ஓதம் இருக்கு.

இடுப்பு உயரத்துக்கு மேல சுவர் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழே நாலு சோதனையிலயும் தோத்துப் போச்சு. தண்ணி தெளிச்சா கறுப்புக் கோட்டுக்குக் கீழே வாழை இலையில விட்ட மாதிரி ஓடுது. தரையிலேர்ந்து ஒரு அடிக்கு வெள்ளையா உப்பு பூத்திருக்கு.

உப்பைப் பத்தி எங்க பக்கத்து விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டணத்துக்குத் தண்ணி வேணும்னு மீஞ்சூர்ப் பக்கம் வருஷக்கணக்கா நிலத்தடி நீரை உறிஞ்சினதுல, கடல் தண்ணி நிலத்துக்குள்ள பல கிலோமீட்டர் ஏறி வந்துடுச்சு. நல்ல தண்ணிக் கிணறு உப்பாகி, நெல்லு வச்சவங்க நிலத்தை வித்துட்டுப் போனதை நாங்க பார்த்திருக்கோம். உப்பு மண்ணுல என்ன உரம் கொட்டினாலும் பயிர் பிடிக்காது. முதல்ல உப்பு வெளியேறணும். சுவரும் அப்படித்தான். தண்ணியில கரைஞ்ச உப்பு பூச்சு வழியா மேலே ஏறும். தண்ணி காஞ்சதும் உப்பு கட்டியாகி, பூச்சை உள்ளேர்ந்தே தள்ளும். அது மேல டைல்ஸ் ஒட்டினா ரெண்டும் சேர்ந்து வெளியே வரும்.

அதனால இடுப்புக்குக் கீழே பூச்சைக் கொத்திச் செங்கல் தெரியிற வரைக்கும் எடுக்கணும். செங்கலைச் சோப்புத் தண்ணி போட்டுப் பிரஷ்ஷால தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசணும். காய விடணும். அப்புறம் புதுசாப் பூசி, தண்ணி ஊத்தி ஆத்தி, நாலு வாரம் சும்மா விடணும். புதுப் பூச்சு முதல் நாலு வாரத்துல சுருங்கும். அதுக்குள்ள டைல்ஸ் ஒட்டினா சுருங்குற சுவரோட இழுபட்டுப் பிடி விட்டுப்போகும்.

நாலு வாரம்னு நான் சொன்னதும் தங்கச்சிக்கு வந்துச்சே கோபம். "அண்ணா, உனக்கென்ன, சொல்லிட்டு ரயிலேறிப் போயிடுவே. இருக்குறது ஒரே பாத்ரூம். இன்னும் இருபது நாள்ல பொண்ணைக் கூட்டிட்டு வரணும். செங்கல் தெரியிற சுவருக்கு நடுவுல அவளைக் குளிக்கச் சொல்றியா? சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாங்க?"ன்னு கேட்டா. மாப்பிள்ளையும், "விலை கூடுன பசையா வாங்கி இப்பவே ஒட்டிடலாமே மச்சான். அதுக்குத்தானே பசை?"ன்னாரு.

அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. பணத்தைக் கொஞ்சம் கூடப் போட்டா காத்திருக்க வேண்டாம்னுதான் எல்லாருக்கும் தோணும். நான் கீழ் வரிசை டைல்ஸை எடுத்து மாப்பிள்ளை கையில கொடுத்தேன். "இதுல சிமெண்ட் டைல்ஸை விட்டுச்சா பாருங்க. விடலை. கெட்டியாப் பிடிச்சிருக்கு. சுவர்தான் விட்டுச்சு. இன்னும் நல்ல பசையா இருந்தா இன்னும் கொஞ்சம் பெரிய துண்டாப் பேத்துக்கிட்டு விழும்"னேன். அவர் அதைத் தடவிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை.

தங்கச்சிக்கு நான் வேற வழி சொன்னேன். வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணு நேரா எங்க வீட்டுக்கு வரட்டும். தாய்மாமன் வீடும் தாய் வீடு மாதிரிதான். ஒரு மாசம் அங்கே இருக்கட்டும். பக்கத்துல பொன்னேரியில ஆஸ்பத்திரி இருக்கு. அவசரம்னா வண்டி இருக்கு. அவளுக்குச் சம்மதமில்லை. தலைப்பிரசவத்துக்கு மகளைத் தன் வீட்டு வாசல்ல ஆலம் சுத்தி வரவேற்கணும்னு எந்தத் தாய்க்கும் ஆசை இருக்கும். ரெண்டு நாள் என்னோட சரியாப் பேசலை. மூணாம் நாள் மகளே போன் பண்ணி, "மாமா வீட்டுக்கே போறேம்மா, அங்கே காத்தாவது நல்லா வரும்"னு சொன்னப்புறம்தான் அரை மனசா ஒத்துக்கிட்டா. வாசல்ல சுத்துற ஆலத்தை எங்க வாசல்லயே வந்து சுத்தினா.

அந்த நாலு வாரமும் அவங்க ரெண்டு பேரும் பக்கத்து வீட்டு பாத்ரூம்ல குளிச்சாங்க. அதுக்காக அந்த வீட்டம்மாவுக்கு நான் அரை மூட்டை அரிசி கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஒட்டுற நாள்ல நானும் கூடவே நின்னேன். மூட்டையில போட்டிருக்குற அளவுக்குத் தண்ணி. அந்தத் தண்ணியும் அங்கே போர்த் தண்ணி கிடையாது, குடிக்கிற தண்ணி. போர்ல வர்றது உப்பு. பவுடரைக் கலந்துட்டுப் பத்து நிமிஷம் அப்படியே விட்டு, மறுபடி ஒரு தடவை கலக்கணும், தண்ணி சேர்க்காம. கொத்தனார் பாதியில கெட்டியாச்சுன்னு தண்ணியைத் தூக்கினாரு. வேண்டாம்ணேன்னு தடுத்தேன். இட்லி மாவு இல்லைங்க இது, தண்ணி விட்டா பிடி போயிடும். இன்னொரு வழக்கமும் இருக்கு, பசையில பாதிக்குப் பாதி சிமெண்ட் கலந்து மூட்டையை மிச்சம் பிடிக்கிறது. வீட்டுக்காரங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கணும்.

பல் வச்ச கரண்டியாலதான் தடவணும். ஏர் ஓட்டின மாதிரி வரிவரியா விழும். டைல்ஸை வச்சு லேசா ஆட்டி அழுத்தினா வரி எல்லாம் அமுங்கிப் பரவி, உள்ளே இருக்குற காத்து வெளியே போயிடும். நாலு மூலையில நாலு, நடுவுல ஒண்ணுன்னு உருண்டை வச்சு ஒட்டுறாங்களே, அதுல நடுநடுவே வெத்திடம் நிக்கும். பாத்ரூம்ல அந்த வெத்திடத்துலதான் தண்ணி சேரும். பின்னாடி ஆணி அடிக்கத் துளை போட்டா அங்கேதான் உடையும். ஒரே தடவையில சுவர் பூரா தடவவும் கூடாது. இருபது நிமிஷத்துல மேலே ஏடு கட்டிடும், அப்புறம் பிடிக்காது. மூணு நாலு டைல்ஸுக்கு மட்டும் தடவி ஒட்டி, அடுத்தது. ஒட்டின அஞ்சாவதோ ஆறாவதோ ஒண்ணை உடனே பிடுங்கிப் பாருங்க. முதுகு பூராவும் பசை அப்பியிருந்தா வேலை சரி. எங்க கொத்தனார் முதல்ல பிடுங்கினப்போ ஒரு மூலை காலியா இருந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் சொல்லாமலே ஒவ்வொரு டைல்ஸோட முதுகுலயும் மெல்லிசா ஒரு பூச்சு இழுத்துட்டுத்தான் வச்சாரு. சாயங்காலம், "முப்பது வருசம் முன்னாடி இது கெடச்சிருந்தா என் தோள்பட்டை மிச்சமாகியிருக்கும்"னாரு. முன்னாடியெல்லாம் அரை அங்குலக் கலவைக்கு மேல வேணும், இதுல மெல்லிசாப் போதும். அவ்வளவு எடையைத் தூக்கிச் சுவர்ல அப்ப வேண்டியதில்லை.

பசை ஒட்டத்தான், தண்ணியைத் தடுக்க இல்லை, இதையும் தெரிஞ்சுக்குங்க. புதுப் பூச்சு மேல வாட்டர் புரூஃப் பூச்சு ரெண்டு கோட் தனியா அடிச்சோம். டைல்ஸுக்கு நடுவுல இடைவெளி விட்டு கிரவுட் போட்டோம். இடைவெளியே இல்லாம நெருக்கி ஒட்டினா அழகுதான், ஆனா சூட்டுல விரியிறதுக்கு இடம் இருக்காது.

கணக்கையும் சொல்லிடறேன். பாத்ரூம் சுவர் நாலும் சேர்ந்து 150 சதுர அடி. 20 கிலோ மூட்டை ஒண்ணு சுமார் 50 சதுர அடிக்கு வரும். சேதாரம் சேர்த்து நாலு மூட்டை வாங்கினோம், 3000 ரூபாய் ஆச்சு. சிமெண்ட் பால்லயே முடிச்சிருந்தா ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். வித்தியாசம் ரெண்டாயிரம். கொத்துறது, பூசுறது, கூலி, வாட்டர் புரூஃப் எல்லாம் சேர்ந்து மொத்தச் செலவு 35,000த்தைத் தாண்டிச்சு. அதுல இந்த ரெண்டாயிரத்தை மிச்சம் பிடிக்க நினைக்கிறது வேண்டாத வேலை. அதே மாதிரி அந்த ரெண்டாயிரத்தைக் கொடுத்துட்டா மத்த செலவு வேண்டாம்னு நினைக்கிறதும் தப்பு.

ஒரு சுவரை மட்டும் டைல்ஸ் ஒட்டாம விட்டுட்டோம். சமையல்கட்டுல கால்வாய்ப் பக்கம் பார்த்த வெளிச்சுவர். அதோட கீழ்ப்பக்கம் எண்ணெய் செங்கலுக்குள்ளயே இறங்கியிருந்துச்சு. எத்தனை தடவை சோப்புப் போட்டுத் தேய்ச்சாலும் தண்ணி தெளிச்சா முத்தாத்தான் நிக்குது. மாப்பிள்ளை வாங்கின டைல்ஸ் அதுக்கும் சேர்த்து இருந்துச்சு. ஆனாலும் உதிர்ற பூச்சை எடுத்துட்டுச் சுண்ணாம்பு மட்டும் அடிச்சு விட்டிருக்கோம். உப்பும் ஈரமும் வெளியே வர்றதுக்கு வழி இருக்கட்டும். உப்பேறின நிலத்தை நாங்க ரெண்டு மூணு மழைக்குத் தரிசாப் போடுவோம். மழைத் தண்ணி நின்னு வடிஞ்சு உப்பைக் கொண்டுபோகும். சுவருக்கும் அந்த அவகாசம் வேணும். சுண்ணாம்பு உதிர்ந்தா மறுபடி அடிச்சுக்கலாம், ஒரு நாள் வேலை. தங்கச்சிக்குத்தான் அந்தச் சுவர் கண்ணை உறுத்துது. வர்றவங்க எல்லாம், "இது மட்டும் ஏன் இப்படி?"ன்னு கேக்குறாங்களாம். அந்த எண்ணெய் எப்படி வந்துச்சுன்னு ஒரு தடவை சொல்லு, அப்புறம் கேக்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்கேன்.

பொண்ணு ஒன்பதாம் மாசம் முடியிறப்போ விம்கோ நகர் வந்தா. புரட்டாசியில பெண் குழந்தை. ரெண்டு பேரும் சுகம். ஐப்பசி, கார்த்திகை மழையும் போயிடுச்சு. போன வாரம் போனப்போ பாத்ரூம் சுவரை ஒவ்வொரு வரிசையா முட்டியால தட்டிப் பார்த்தேன். எங்கேயும் பொள்ளல் சத்தம் இல்லை. இன்னும் ரெண்டு மழை பார்த்துட்டுத்தான் நிச்சயமாச் சொல்லுவேன்.

கடைக்குக் கிளம்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. டைல்ஸ் முதுகுல ஒரு சொட்டுத் தண்ணி, சுவர் மேல ஒரு கைத் தண்ணி, இந்த ரெண்டையும் விட்டுப் பார்த்துட்டுப் போங்க. எந்த நம்பர் மூட்டைன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். சில சமயம் இப்போதைக்கு எந்த மூட்டையும் வேண்டாம்னும் தெரியும்.

இங்கே நவரைக்கு நாத்து தயாரா நிக்குது. பறிக்க ஆள் வந்துட்டாங்க, வரப்புல நின்னு கூப்பிடுறாங்க. நடவு முடிச்சிட்டு வந்து எழுதறேன்.